நீரிழிவும் இன்சுலினும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவென்றால் சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுவதே இம் மன்றத்தின் வழக்கம். நீரிழிவைப் பற்றிப் பேச எண்ணியுள்ளோம் என்று காரியதரிசி அவர்களிடம் கூறியபோது, மங்கலமான நாளில் வியாதியின் பேச்சு எதற்கு என்று அவர் சிறிது தயங்கினார். சென்ற பொதுக்கூட்டத்திலே தேநீர் பரிமாறிய தோழர்கள், சீனியில்லாத் தேநீர் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி வைத்திருந்தார்கள். அந்தத் தொகையை அவரிடம் சொன்னோம். அதன் பின்னர் அவர் மறுக்கவில்லை.

நாங்கள் வைத்தியரல்லர், பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானம் பயிலும் மாணவர். மருந்தின் பெயரையும் அளவையும் சொல்வது எமது வேலையன்று. இந்த நோய் எப்படி உண்டாகிறது, இன்சுலின் என்பது உடலிலே என்ன செய்கிறது, யாருக்கு இந்த நோய் வரக்கூடும் என்பவற்றை, நாம் வகுப்பிலும் நூலிலும் கற்ற அளவில், வீட்டுப் பேச்சிலே சொல்ல முடியுமா என்று முயன்று பார்க்கிறோம்.

கல்முனை தொடக்கம் காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் வரையும் ஒரே தெருவின் இரு மருங்கிலும் நாமும் நம் முஸ்லிம் சகோதரரும் மாறி மாறி வாழ்ந்து வருகிறோம். பொங்கலுக்கு நம் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் போகும். பெருநாளைக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும். கிளினிக் நாளிலே அரசாங்க வைத்தியசாலையின் வாங்கில் இரு பகுதியாரும் அருகருகே நீல நிற, மஞ்சள் நிறக் கொப்பிகளுடன் அமர்ந்திருப்பதையும் காண்கிறோம். ஆகவே இவ்வுரையை நம்மவர்க்கு மட்டும் என்று கொள்ளாதிருக்க வேண்டுகிறோம்.

நம் பாட்டன்மார் இந்நோயைச் சலரோகம் என்றனர். வடமொழி வைத்திய நூலார் மதுமேகம் என்றனர். தேனைப் போன்ற சிறுநீர் என்பது அதன் கருத்து. நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதை அக்காலத்தவர் கண்டிருந்தனர். சுசுருதருடைய நூலிலே இந்நோய் இருவகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிறவியோடு வருவது ஒன்று, அந்நோயாளி மெலிந்திருப்பான். தகாத உணவாலும் உழைப்பின்மையாலும் வருவது மற்றொன்று, அந்நோயாளி பருத்திருப்பான். இன்றைய வைத்திய விஞ்ஞானம் முதலாம் வகை, இரண்டாம் வகை என்று பிரிப்பதற்கு இது வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகிறது. பொருளில்லாத நோயாளிக்கு அவர் சொன்ன மருந்து இன்னும் சுவையானது: செருப்பும் குடையுமின்றி நூறு யோசனை தூரம் நடக்கச் சொன்னார், அன்றேல் கிணறு வெட்டச் சொன்னார். செருப்பில்லாமல் என்பதைப் பற்றிப் பின்னர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. கிணறு வெட்டுவதை இன்றைய வைத்தியரும் மறுக்கமாட்டார்.

இனி விஷயத்துக்கு வருவோம். வளர்ந்த ஒருவருடைய உடலிலே ஏறத்தாழ 5 லீற்றர் குருதி ஓடுகிறது. நோயில்லாத ஒருவருக்கு, காலையில் வெறும் வயிற்றிலே, ஒரு டெசிலீற்றர் குருதியில் 100 மில்லிகிராமுக்குக் குறைவான குளுக்கோசு இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முழு உடலின் குருதியிலும் 5 கிராம், அஃதாவது ஒரு தேக்கரண்டிச் சீனி அளவு. ஒரு கோப்பை சோறும் பாணும் கிழங்கும் குடலிலே செரித்துக் குளுக்கோசாக மாறும்போது அந்த ஒரு தேக்கரண்டியைப் போலப் பல மடங்கு சில மணி நேரத்துக்குள் குருதியை வந்து சேருகிறது. அப்படியிருந்தும் குருதியின் அளவு பெரிதும் ஏறாமல் மீண்டும் பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. இது எப்படி நிகழ்கிறது என்பதே இன்சுலினின் கதை.

நம் வட்டைகளிலே வட்டவிதானை என்று ஒருவர் உண்டு. வாய்க்காலிலே தண்ணீர் வந்தவுடன் எந்த வயலுக்கு எந்த மடையைத் திறப்பது, எப்போது அடைப்பது என்பதை அவர்தான் பார்க்கிறார். உடலிலே வாய்க்கால் குருதி, வயல்கள் தசையும் கொழுப்பும் ஈரலும், வட்டவிதானை இன்சுலின். இரைப்பைக்குப் பின்புறம் சதையி என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் பெரும்பகுதி உணவைச் செரிக்கும் நீரைச் சுரக்கிறது. அதற்குள்ளே சிறு சிறு தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் கலக்கூட்டங்களில் உள்ள பீட்டா கலங்கள்தாம் இன்சுலினைச் சுரப்பன. குருதியிலே குளுக்கோசு ஏறினால் அக்கலங்கள் அதை அறிந்து இன்சுலினை வெளிவிடுகின்றன. இன்சுலின் சென்று தசைக் கலத்தின் மேற்புறத்திலுள்ள வாங்கியிலே பொருந்தியதும், கலத்தினுள் காத்திருக்கும் கடத்திகள் மேலே வந்து குளுக்கோசை உள்ளே இழுக்கின்றன. ஈரல் மேலதிகமானதைக் கிளைக்கோசனாக்கிச் சேமிக்கிறது; தானே குளுக்கோசு செய்து வெளிவிடுவதையும் நிறுத்திக்கொள்கிறது. உணவு இல்லாத வேளையில் இன்சுலின் குறைய, ஈரல் சேமிப்பைத் திறந்துவிடுகிறது. மூளையும் செங்குருதிக் கலங்களும் வட்டவிதானையின் உத்தரவுக்குக் காத்திராமல் நேரே வாய்க்காலில் அள்ளிக் குடிக்கும் வீட்டார் போன்றவை.

முதலாம் வகை நீரிழிவிலே வட்டவிதானையே இல்லாமற் போய்விடுகிறார். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புப் படை, காரணம் முழுதும் விளங்காத முறையிலே, தன் சொந்தப் பீட்டா கலங்களையே அழித்துவிடுகிறது. பெரும்பாலும் சிறுவரிலும் வாலிபரிலும் தோன்றும். வாய்க்கால் நிரம்பி வழிய, வயல் வெடித்துக் கிடக்கும் நிலை அது. பசிக்கும் கலங்கள் கொழுப்பை எரிக்கின்றன. அதனால் அமிலத்தன்மையுள்ள கீற்றோன் பொருள்கள் குருதியிலே பெருகுகின்றன. மூச்சிலே பழ வாசனை வீசும், பிள்ளை ஆழமாகவும் விரைவாகவும் மூச்சுவிடும், வாந்தி எடுக்கும், மயங்கும். இந்நிலையிலுள்ள பிள்ளைக்குப் பார்வை பார்ப்பதும் நூல் கட்டுவதும் நேரத்தைக் கொல்லும். இன்சுலின் ஒன்றே அதனை மீட்கும்.

இரண்டாம் வகையிலே வட்டவிதானை இருக்கிறார்; கூவிக்கொண்டும் இருக்கிறார்; மடைப் பலகைகள்தாம் இறுகிப்போய்த் திறக்க மறுக்கின்றன. வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் தசையிலும் சேரும் கொழுப்பு இவ்விறுக்கத்துக்கு முக்கிய காரணம். சதையி இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து சில ஆண்டுகள் சமாளிக்கும். பின்னர் களைத்து, கலங்கள் குறைந்து, சீனி ஏறத் தொடங்கும். அதனால்தான் நோய் தெரிய வரும் நாளிலே அது பல ஆண்டுகள் பழமையானதாக இருக்கிறது. நம்மூர்களிலே காண்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே.

சிறுநீரிலே சீனி எப்படி வருகிறது என்று சிலர் கேட்டார்கள். சிறுநீரகம் வடிகட்டும் குளுக்கோசைத் திரும்ப உறிஞ்சி எடுக்கிறது. குருதியில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் அதனால் முழுவதையும் எடுக்க முடியாமல் மீதி வெளியேறும். சீனி போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சலம் போவதும், தாகமும், மெலிவும், களைப்பும் இதன் விளைவு. எறும்பு மொய்க்கவில்லை, ஆகவே எனக்கு ஒன்றுமில்லை என்று இருப்பவர்கள் இந்த 180 என்ற இலக்கத்தை நினைவில் வைக்க வேண்டும். நோய் அதற்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலே அது நீரிழிவு. நோய்க்குறி இல்லாதவர்க்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனையிலே நூற்றுக்கு 6.5 எல்லை.

இன்சுலினைக் கண்டுபிடித்த வரலாற்றிலே எம்மைப் போன்ற மாணவருக்கு ஊக்கமூட்டும் செய்தி ஒன்று உண்டு. சதையியிலுள்ள அத் தீவுகளை 1869 இல் முதன்முதல் விவரித்த போல் லங்கர்ஹான்ஸ் அப்போது பேர்லினில் வைத்தியம் பயின்ற மாணவர், வயது 21. அவை எதற்காக இருக்கின்றன என்று அவருக்கே தெரியாது. 1889 இல் ஸ்திராஸ்பேர்க் நகரில் வொன் மேரிங், மின்கொவ்ஸ்கி என்னும் இருவர் ஒரு நாயின் சதையியை அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. அங்கிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் சதையியிலிருந்து மருந்தெடுக்க முயன்று தோற்றனர். அந்தக் காலத்திலே முதலாம் வகை நோயுள்ள பிள்ளைக்குப் பட்டினிதான் வைத்தியம். உணவைக் குறைத்துக் குறைத்து, எலும்பும் தோலுமாகச் சில மாதங்கள் உயிரைப் பிடித்து வைத்திருப்பார்கள்.

1921 ஆம் ஆண்டுக் கோடையிலே கனடாவின் ரொறன்ரோ நகரப் பல்கலைக்கழகத்தில், நம்மவர் பலர் இன்று குடியேறி வாழும் அதே ரொறன்ரோவில், பிரெடெரிக் பான்ரிங் என்ற இளம் சத்திரவைத்தியரும், சாள்ஸ் பெஸ்ற் என்ற 22 வயது மாணவரும், பேராசிரியர் மக்கிளியொட் அவர்களுடைய ஆய்வுகூடத்திலே இவ்வேலையைத் தொடங்கினர். 1922 சனவரி 11 ஆம் திகதி லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பலன் சொற்பம், மருந்திலே அழுக்கிருந்தபடியால் ஊசி போட்ட இடம் புண்பட்டது. கொலிப் என்ற இரசாயன அறிஞர் இரவு பகலாய் அதைத் தூய்மையாக்கினார். சனவரி 23 ஆம் திகதி மீண்டும் போட்டபோது சீனி இறங்கியது. அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதே 1922 இல், பட்டினி வைத்தியத்தால் 45 இறாத்தல் அளவுக்கு மெலிந்திருந்த எலிசபெத் ஹியூஸ் என்ற அமெரிக்கச் சிறுமி பான்ரிங்கிடம் கொண்டுவரப்பட்டாள். அவள் பள்ளிக்குப் போய், மணம் முடித்து, பிள்ளை பெற்று, 1981 வரை உயிர்வாழ்ந்தாள்.

பான்ரிங்குக்கும் மக்கிளியொட்டுக்கும் 1923 இல் நொபெல் பரிசு கிடைத்தது. பான்ரிங் தம் பணத்திற் பாதியைப் பெஸ்றுக்கும், மக்கிளியொட் தம்முடையதிற் பாதியைக் கொலிப்புக்கும் கொடுத்தனர். மருந்தின் உரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு விற்றுவிட்டார்கள். அதற்குப் பின் நூறாண்டு கழிந்தும் உலகிலே இன்சுலின் வாங்க முடியாதவர் இருக்கிறார்கள் என்பது அந்த ஒரு டொலரை நினைக்கும்போது எமக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளிலே அது இலவசமாகக் கொடுக்கப்படுவதை நாம் சாதாரணமாக எண்ணிவிடுகிறோம். 2022 ஆம் ஆண்டு வெளிநாட்டுச் செலாவணி இல்லாமல் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

இவ்விடத்திலே பெரியோர் சிலர் எம்மிடம் தனிமையிற் கேட்ட கேள்வி ஒன்றுக்கு வெளிப்படையாக விடை சொல்லிவிடுகிறோம். இன்சுலின் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது அக்கேள்வி. நெடுங்காலம் அது மாட்டின் சதையியிலிருந்தும் பன்றியின் சதையியிலிருந்தும் எடுக்கப்பட்டது உண்மை. நம்மவர்க்கு ஒன்று உறுத்தும். முஸ்லிம் சகோதரருக்கு மற்றது உறுத்தும். கேம்பிறிட்சைச் சேர்ந்த பிரெடெரிக் சாங்கர் 1955 அளவிலே இன்சுலினின் அமைப்பை முழுதும் கண்டறிந்தார்: இரண்டு சங்கிலி, ஒன்றில் 21 அமினோ அமிலம், மற்றதில் 30, ஆக 51. மனித இன்சுலினுக்கும் பன்றி இன்சுலினுக்கும் ஓர் அமினோ அமிலமே வேறுபாடு, மாட்டினதற்கு மூன்று. அதற்காக அவருக்கு 1958 இல் நொபெல் பரிசு கிடைத்தது. 1978 இல் மனித இன்சுலினுக்குரிய பரம்பரை அலகை பற்றீரியாவுக்குள் வைத்து, அப்பற்றீரியாவையே இன்சுலின் செய்ய வைத்தார்கள். 1982 இல் அது மருந்தாக அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இன்று வழங்கும் மனித இன்சுலின் இவ்வாறு பற்றீரியாவிலோ மதுவத்திலோ ஆக்கப்படுவது. விலங்கின் சதையியிலிருந்து எடுப்பதன்று. ஊசிக்கு அஞ்சுபவர் வேறு காரணம் தேட வேண்டும்.

ஊசிக்கு அஞ்சுதல் நம்மிடையே பெரிய இடையூறு. ஊசி வரை போய்விட்டால் முடிந்தது என்கிறார்கள். சதையி களைத்த பின்னர் குளிசை மட்டும் போதாமற் போவது நோயின் இயல்பு. நோயாளியின் குற்றமுமன்று, மரணச் சீட்டுமன்று. எமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், வைத்தியர் சொல்லியும் ஊசியை ஈராண்டு தள்ளிப்போட்டுக் கசாயத்தை நம்பியிருந்தார். இப்போது அவருக்குக் காலில் இரண்டு விரல் இல்லை. ஆவாரம்பூ, வெந்தயம், பாகற்காய், குறிஞ்சா இலை ஆகியவற்றை நாம் பழிக்க வரவில்லை. குறிஞ்சா வறை நம் வீட்டில் வாரந்தோறும் உண்டு, நல்ல கறி. அவற்றிற் சில சீனியைச் சிறிது குறைப்பதாக ஆய்வுகளும் சொல்லுகின்றன. ஆனால் அவற்றை உண்கிறோம் என்று குளிசையையோ இன்சுலினையோ நிறுத்துவது வேறு விஷயம். உண்பதை வைத்தியருக்கு மறைக்காமற் சொல்லிவிட்டாற் போதும்.

இனி யாருக்கு வரும் என்ற கேள்வி. நம் நாட்டிலே 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு என்று கண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தமக்கு நோயிருப்பதை அறியாதிருந்தனர். அந்த ஆய்விலே ஏழு மாகாணங்கள்தாம் சேர்க்கப்பட்டன. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. அதாவது நம்மை எவரும் எண்ணவில்லை. பின்னர் 2018, 2019 இல் நாடளாவ நடந்த ஆய்வு வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 என்று சொல்லுகிறது. நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. இம் மண்டபத்தில் ஒரு வரிசையை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

தாய்க்கோ தந்தைக்கோ உடன்பிறந்தோர்க்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு மிகும். வயதும் ஒரு காரணம். ஆனால் முப்பதிலேயே நம்மவர்க்கு வருவதைக் காண்கிறோம். தெற்காசியருக்கு ஒரு தனிக் குறை உண்டு: கை கால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னே வரும். ஐரோப்பியருக்கு ஆபத்தில்லை என்று கருதப்படும் நிறையிலே நமக்கு ஆபத்து வந்துவிடுகிறது. ஆணுக்கு இடைச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் என்று நமக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். நம் ஊரிலே வயிறு விழுந்தவரைப் பார்த்து நல்லாயிருக்கிறார் என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். கர்ப்ப காலத்திலே சீனி ஏறிப் பிள்ளை பெற்ற பின் இறங்கிய தாய்மாருக்குப் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். பிள்ளை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள்ளும், அதன் பின் காலந்தோறும் அவர்கள் சோதிக்க வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட ஒரு நாளும் தவறாத தாய், தன்னைச் சோதிக்க மறந்துவிடுகிறாள். வீட்டிலுள்ள ஆடவர் நினைவூட்டுவதுமில்லை.

சோற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையிலே நீரிழிவைப் பற்றிப் பேச முடியாது. கல்லோயாத் தண்ணீர் பாயும் நாடு இது. விருந்தாளியின் கோப்பையிலே சோறு குறைந்தால் அது அவமரியாதை. 21 நாடுகளிலே நடந்து 2020 இல் வெளியான ஆய்வொன்று, நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்போருக்கு 150 கிராமுக்குக் குறைவாக உண்போரைவிட நீரிழிவு அதிகம் வருவதையும், அவ்வேறுபாடு தெற்காசியாவிலே மிகுந்திருப்பதையும் கண்டது. எங்கள் பாட்டன்மாரும் சோறு உண்டார்களே என்று ஒரு போடியார் எம்மிடம் வாதாடினார். உண்டார்கள், உண்டபின் வயலில் இறங்கினார்கள். இப்போது உழுவது உழவு இயந்திரம், வெட்டுவது வெட்டும் இயந்திரம், வயலுக்குப் போவது மோட்டார் சைக்கிளில். கோப்பையின் அளவு மட்டும் பாட்டன் காலத்தது. சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. கோப்பையிற் பாதியை மரக்கறியும் கீரையும் பிடிக்கட்டும், கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ, மீதிக் கால் பங்கு சோறு. அதுவும் தவிடு முழுதும் நீக்காத சிவப்பரிசியாக இருந்தால் நன்று. மீனுக்கு இக்கரையிற் குறைவில்லை.

சீனி விஷயம் இன்னும் எளிது. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டியாக நாளுக்கு ஐந்து தேநீர் குடிப்பவர் 50 கிராம் சீனியைக் குடிக்கிறார். உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கதாகச் சொல்வது ஏறத்தாழ 25 கிராம். 2016 ஆகஸ்டு தொடக்கம் நம் நாட்டிலே போத்தற் பானங்களிற் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் அச்சிடவேண்டுமென்று சட்டம் உண்டு. சிவப்பென்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. அப்படியான 400 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றில் 44 கிராமுக்கு மேல் இருக்கிறது. முழு உடலின் குருதியிலும் இருக்க வேண்டியது 5 கிராம் என்று முன்னர் சொன்னோம். கிரிக்கெற் ஆட்டம் முடிந்ததும் அந்தப் போத்தலை ஒரே மூச்சிற் குடிக்கும் தோழர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

விளையாட்டென்றதும் நினைவுக்கு வருகிறது. நாம் பயின்ற மிஷன் பாடசாலையிலே மாலை நான்கு மணிக்கு மைதானத்துக்குப் போகாதவன் தண்டனை பெறுவான். அன்று அதைச் சபித்தோம். இன்று பிள்ளைகள் பாடசாலை விட்டு ரியூசனுக்கும், ரியூசன் விட்டுக் கைப்பேசிக்கும் போகிறார்கள். பெண்பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். பருவமடைந்ததும் விளையாட்டை நிறுத்திவிடுகிறோம். கடற்கரை இவ்வளவு அருகிலிருந்தும், பெண்கள் கூட்டாக நடந்து வருவதற்கு ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சுகிறார்கள். ஊர் என்பது இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்கள்தாம். நீங்கள் ஒன்றும் சொல்லாதிருந்தாற் போதும்.

நடையினால் உண்மையிலே பயன் உண்டா என்று கேட்பவர்க்குச் சென்னையின் அனுபவத்தைச் சொல்லலாம். அங்கே 1948 இல் ஸ்ரான்லி வைத்தியசாலையிலே நீரிழிவுக்கெனத் தனிக் கிளினிக் தொடங்கிய பேராசிரியர் விசுவநாதன் அவர்கள், 1954 இல் இராயபுரத்திலே இந்நோய்க்கே ஒரு வைத்தியசாலையை அமைத்தார். அந்தப் பரம்பரையிலே வந்த வைத்தியர் இராமச்சந்திரன் முதலியோர், நோயின் வாசலிலே நின்ற 531 பேரை எடுத்து ஆராய்ந்து 2006 இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களிலே மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்காரர் ஆயினர். உணவைத் திருத்தி நாளும் அரை மணி நேரம் நடந்தவர்களிலே 39 பேரே ஆயினர். மெற்போமின் குளிசை மட்டும் எடுத்தவர்களிலும் ஏறத்தாழ அதே அளவுதான். நடைக்கு விலை இல்லை. நோய் அடியோடு வராது என்று நாம் சொல்லவில்லை என்பதையும் அந்த 39 காட்டுகிறது.

அரசாங்க வைத்தியசாலைகளிலே ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011 தொடக்கம் நடத்தப்படுகின்றன. அங்கே நிறை, இடையளவு, குருதியமுக்கம், சீனி ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்ப்பார்கள். அங்கே போவோரிற் பெரும்பாலார் பெண்கள், ஆடவருக்கு நேரமில்லையாம். தேநீர்க் கடையில் இருக்க நேரமிருக்கிறது.

விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கந்தசட்டி ஆறு நாளும் உபவாசம் இருக்கும் நம் தாய்மாருக்கும், ரமழான் முழுதும் நோன்பிருக்கும் சகோதரருக்கும் இது பொருந்தும். இன்சுலினோ, சில வகைக் குளிசையோ எடுப்பவர் உணவை நிறுத்திவிட்டு மருந்தை வழமைபோல எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். மருந்தைத் தாமாக நிறுத்தினால் ஏறும். சில வாரங்களுக்கு முன்னரே வைத்தியரிடம் சென்று அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விரலிலே குத்திச் சீனி பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதே மார்க்க அறிஞர் பெரும்பாலோருடைய கருத்து. சீனி 70 க்குக் கீழே போனால் விரதத்தை அப்பொழுதே முடித்துவிட வேண்டும் என்று வைத்தியர் சொல்லுகிறார்கள். முருகன் அதைக் குற்றமாகக் கொள்வான் என்று எமக்குத் தோன்றவில்லை.

கதிர்காம யாத்திரை வேறொரு கவலை. பொத்துவில், பாணமை கடந்து உகந்தை, குமண, யால காட்டுவழியாக வெறுங்காலுடன் நடக்கும் அடியார்களிலே நீரிழிவுக்காரர் பலர். நெடுநாள் உயர்ந்திருக்கும் சீனி காலிலுள்ள நரம்புகளைக் கெடுத்துவிடுகிறது. முள் ஏறினாலும் சுடுமணல் சுட்டாலும் தெரியாது. குருதியோட்டமும் குறைந்திருப்பதால் புண் ஆறாது. சுசுருதர் செருப்பில்லாமல் நடக்கச் சொன்னார் என்றோமே. காலில் உணர்ச்சி மரத்தவர் அதைப் பின்பற்றலாகாது. நேர்த்தியென்று வைத்தவர் கோயில் வீதியிலே செருப்பைக் கழற்றட்டும், காட்டிலே போட்டுக்கொள்ளட்டும். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலை விளக்கிலே பார்க்க வேண்டும்; குனிய முடியாதவர் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம், பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.

இன்சுலின் வைத்திருப்போர் வீடுகளிலே கண்ட சில தவறுகளையும் சொல்கிறோம். திறவாத குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியிலே வைக்க வேண்டும். பனி உறையும் அறையில் வைக்கலாகாது, உறைந்த இன்சுலின் பயன்படாது. திறந்த குப்பி நிழலான குளிர்ந்த இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலே, ஒரு மண் சட்டிக்குள் ஈரமணல் பரப்பி அதிலே சிறிய சட்டியை இறக்கி மூடி, அதற்குள் வைக்கலாம். மண் நீரைக் கசியவிட்டுக் குளிர்ச்சியைத் தரும். யன்னலோரத்திலும், மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள்ளும் வைத்தால் நம் வெயிலிலே அது கெட்டுவிடும். ஒரே இடத்திற் குத்தாமல் இடம் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும்.

கடைசியாக வாலிபத் தோழர்களுக்கு. இன்சுலின் எடுக்கும் பெரியவர் ஒருவர் திடீரென்று வியர்த்து, நடுங்கி, பிதற்றி, காரணமின்றிக் கோபித்தால், குடித்திருக்கிறார் என்றோ பேய் பிடித்தது என்றோ எண்ணிவிடாதீர்கள். சீனி இறங்கியிருக்கலாம். விழுங்கக்கூடியவராயின் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரிலே கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். நீரிழிவுக்காரருக்குச் சீனி கொடுக்கலாமா என்று யாரேனும் தடுத்தாலும் கொடுங்கள். கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் சோறோ பாணோ ஏதேனும் உண்ணச் செய்யுங்கள். நினைவிழந்து கிடந்தால் வாயிலே ஒன்றும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயிலே போய்விடும். பக்கவாட்டிலே சாய்த்துக் கிடத்தி, கிடைத்த வாகனத்திலே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். போகும்போது அவர் எடுக்கும் மருந்தையும் கிளினிக் கொப்பியையும் மறவாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.